திருமண அழைப்பிதழா, தீங்கு மென்பொருளா? கோப்பின் உண்மை முகத்தைக் காட்டும் கருவிகள்

புதுடெல்லி: வாட்ஸ்அப்பில் வரும் திருமண அழைப்பிதழைத் திறந்தவுடன் செல்போனின் கட்டுப்பாடு மோசடியாளர்களின் கைக்குச் செல்லக்கூடும் என்று இமாச்சலப் பிரதேச சைபர் குற்றப்பிரிவு காவல்துறை 2024 நவம்பரில் எச்சரித்தது. அழைப்பிதழ் என்ற பெயரில் வருவது உண்மையில் ‘ஏ.பி.கே.’ எனப்படும் ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பு என்பதே அதற்குக் காரணம்.

இந்நிலையில், ஒரு கோப்பு உண்மையில் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கண்டறியும் மென்பொருள் கருவிகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

பெயரை நம்பலாமா?

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் ‘பி.டி.எஃப்.’, ‘ஜே.பி.ஜி.’ போன்ற பின்னொட்டை யார் வேண்டுமானாலும் மாற்ற முடியும். விண்டோஸ் இயங்குதளத்தில், அறியப்பட்ட வகைகளின் பின்னொட்டு இயல்பாகவே மறைக்கப்பட்டிருக்கும். இதனால் ‘அழைப்பிதழ்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ.’ என்ற கோப்பு, திரையில் ‘அழைப்பிதழ்.பி.டி.எஃப்.’ என்று மட்டுமே தெரியும்.

ஆனால், கோப்பின் உள்ளடக்கத்தை மறைப்பது அவ்வளவு எளிதல்ல. பெரும்பாலான கோப்பு வகைகளின் முதல் சில பைட்டுகளில் தனி அடையாளம் பதிந்திருக்கும். இது ‘மேஜிக் நம்பர்’ எனப்படுகிறது. விண்டோஸில் இயங்கும் நிரல்கள் ‘எம்.இசட்.’ என்ற எழுத்துகளுடனும், ஜிப் கோப்புகள் ‘பி.கே.’ என்ற எழுத்துகளுடனும் தொடங்கும். இவை முறையே மார்க் ஸ்பிகோவ்ஸ்கி, பில் காட்ஸ் ஆகிய மென்பொருள் வல்லுநர்களின் பெயர்களின் முதல் எழுத்துகளாகும்.

என்னென்ன கருவிகள்?

இந்த அடையாளத்தைப் படிக்கும் ‘ஃபைல்’ என்ற கட்டளை, 1973-ம் ஆண்டு வெளியான யூனிக்ஸின் 4-வது பதிப்பிலேயே இடம்பெற்றது. இன்றும் லினக்ஸ், மேக் கணினிகளில் இதைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் பயனர்கள் ‘ட்ரிட்’ என்ற கருவியைப் பயன்படுத்தலாம். ஆவணக் காப்பகங்களின் தேவைக்காக பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் ‘டிராய்ட்’ என்ற இலவச மென்பொருளை உருவாக்கியுள்ளது.

எனினும், முதல் பைட்டுகளை மட்டும் வைத்து முடிவெடுப்பது போதாது. ஏ.பி.கே. கோப்புகளும், வேர்டு ஆவணங்களான ‘டாக்ஸ்’ கோப்புகளும் ஜிப் அமைப்பிலேயே உருவாக்கப்படுவதால், இரண்டுமே ‘பி.கே.’ என்றே தொடங்கும். எனவே கோப்பின் உட்பகுதியையும் ஆராய வேண்டியுள்ளது. கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்ட ‘மேஜிகா’, செயற்கை நுண்ணறிவின் உதவியுடன் 100-க்கும் மேற்பட்ட வகைகளை அடையாளம் காண்கிறது.

கவனிக்க வேண்டியவை

இக்கருவிகள் கோப்பின் வகையை மட்டுமே கூறும். அது தீங்கற்றது என்று உறுதியளிக்காது. அதற்கு வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனை தேவை. ‘வைரஸ்டோட்டல்’ போன்ற இணையச் சேவைகளில் பதிவேற்றும் கோப்புகள் பிற பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால், வங்கி, ஆதார் உள்ளிட்ட தனிப்பட்ட ஆவணங்களை அவற்றில் பதிவேற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

செல்போன் பயனர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. உண்மையான அழைப்பிதழ் படமாகவோ, வீடியோவாகவோ, பி.டி.எஃப். ஆகவோதான் இருக்கும். அதைத் திறக்கும்போது செயலியை நிறுவ அனுமதி கேட்கப்பட்டால், உடனே ரத்து செய்துவிட வேண்டும். அனுப்பியவர் தெரிந்தவராக இருந்தாலும் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்துகொள்வது நல்லது.

பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.