தீவனத்தைத் தேர்வது யார்?

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடிக்குப் பங்குனியில் நந்தியெம்பெருமான் திருமணம் காணப் பெருங்கூட்டம் வருகிறது. அதே ஆற்றங்கரையில் மேயும் வெள்ளாடுகளை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஆடு ஒரே செடியை முழுவதுமாகத் தின்பதில்லை. இங்கே நான்கு இலை, அங்கே ஒரு நெற்று, பிறகு சிறிது காய்ந்த புல் என மாற்றி மாற்றிக் கடிக்கிறது. சிலவற்றை முகர்ந்துவிட்டு விலகுகிறது. ஆடு தொடாத இலையே ஆடாதொடை ஆயிற்று என்பர். ஆடுதின்னாப்பாளை என்ற பெயருக்கு விளக்கமே தேவையில்லை. விலங்கின் தேர்வைக் கவனித்துச் செடிக்குப் பெயரிட்ட சமூகம் நம்முடையது.

கொட்டிலில் அடைத்து வளர்க்கப்படும் விலங்குக்கு இந்தத் தேர்வு கிடையாது. வெண்பன்றி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதற்கு வேண்டியதை மனிதரே கணக்கிட்டு, அரைத்து, ஒரே கலவையாகத் தொட்டியில் கொட்டுகின்றனர். பன்றி வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. கணக்கு பிசகினால் இழப்பு சிறு வளர்ப்பாளருக்குத்தான்.

கணக்கு ஏன் பிசகுகிறது? கலவை சராசரிப் பன்றிக்காகத் தயாரிக்கப்படுகிறது. கொட்டிலில் உள்ள பன்றிகளோ ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. குட்டியின் தீவனத்தில் புரதத்தின் விகிதம் அதிகம் தேவை. வளர வளர அது குறைகிறது. தேவைக்கு மிஞ்சிய புரதம் தசையாவதில்லை. அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் வெளியேறி, துர்நாற்றத்துக்கும் நீர் மாசுக்கும் காரணமாகிறது.

பன்றியின் பசியை நம்பலாமா என்ற கேள்வியை அமெரிக்காவின் அயோவாவில் எவ்வர்டு என்ற ஆய்வாளர் 1915-லேயே எழுப்பினார். தானியம், புரத உணவு, தாது உப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வைத்து, பன்றிகளையே தேர்ந்தெடுக்கவிட்டார். 1990-இல் எடின்பரோவில் கிரியாசாகிஸும் எம்மன்ஸும் தங்கள் ஆய்வில், புரதம் மிகுந்த தீவனத்தையும் குறைந்த தீவனத்தையும் இரு தொட்டிகளில் வைத்தனர். இளம்பன்றிகள் இரண்டையும் தம் தேவைக்கேற்பக் கலந்து உண்டன. வளர வளரப் புரத விகிதத்தைக் குறைத்துக்கொண்டன. உண்டபின் உடல் உணரும் நலமும் நலிவும், அந்தந்த உணவின் சுவையோடும் மணத்தோடும் நினைவில் பதிவதே இதற்கு விளக்கமாகக் கூறப்படுகிறது.

நுகர்வோரே தம் தேவையை நன்கறிவர் என்பது பொருளியலின் பாலபாடம். எனினும் கடையில் நல்ல பொருள் இருந்தால்தான் தேர்வுக்குப் பொருளுண்டு. உணவகக் கழிவை மட்டும் கொட்டிவிட்டு, பன்றி விரும்பித் தின்கிறது என்பது தேர்வாகாது. வேகவைக்காத இறைச்சிக் கழிவு ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பரப்பக்கூடியது. 2020-இல் அசாமில் தலைகாட்டிய அந்நோய்க்கு மருந்தில்லை. பூஞ்சை நச்சு கலந்த கடலைப் புண்ணாக்கைப் பன்றி தானே ஒதுக்கிவிடும் என்று நம்பியிருக்கவும் முடியாது. தேர்வு பன்றியுடையது, தேர்வுக்குரியவற்றின் தூய்மைக்கு மனிதரே பொறுப்பு.

பெரம்பலூரில் மக்காச்சோளம் பெருமளவில் விளைகிறது. ஒரு தொட்டியில் உடைத்த மக்காச்சோளம், மற்றொன்றில் சோயா புண்ணாக்கும் தாது உப்பும் சேர்ந்த புரதக் கலவை, அருகில் தூய நீர் என்ற எளிய ஏற்பாட்டுக்குப் பெரும் முதலீடு வேண்டாம். இரண்டின் சுவையையும் பன்றி பழகிக்கொள்ளச் சில நாள் அவகாசம் வேண்டும். கடலைப் புண்ணாக்கு மட்டும் போதாது. லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவு.

இம்முறை நம் வெப்பத்திலும் நம் விலைகளிலும் லாபம் தருமா என்பதை ஆய்ந்துதான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் சிறு வளர்ப்பாளர்களின் கொட்டில்களிலேயே இதைச் சோதித்து, வரவு செலவுக் கணக்கோடு முடிவை வெளியிட வேண்டும். ஆற்றங்கரை ஆட்டுக்குள்ள உரிமையில் ஒரு சிறு பங்கைக் கொட்டில் பன்றிக்கும் தருவதால் வளர்ப்பாளரின் செலவும் குறையுமெனில், அதைத் தள்ளிப்போடக் காரணமில்லை.