கல்லாவை விட்டுக் கணக்கைத் திருடுபவன்!

கடைக்குள் புகும் திருடன் கல்லாப் பெட்டியைத்தான் தேடுவான் என்று நினைப்போம். இந்தத் திருடன் கல்லாவைத் தொடுவதில்லை, கணக்கைத் தொடுகிறான். அவன் ஆயுதம்தான் ‘ரேன்சம்வேர்’ என்னும் புரோகிராம்.

எப்படி நுழைகிறது?

வியாபாரி பில் என்று நினைத்து இ-மெயிலில் வந்த ஃபைலைத் திறப்பார். அவ்வளவுதான்! ஸ்டாக், விற்பனை, பாக்கிக் கணக்கு எல்லாவற்றையும் சங்கேத எழுத்தாக மாற்றிப் பூட்டிவிடும். சாவி வேண்டுமா, பணம் கொடு என்பான்.

“பேக்கப் இருக்கே, எடுத்துப் போட்டுக்கிட்டா போச்சு!” என்பீர்கள். அதனால்தான் அவனும் வழியை மாற்றினான். 2019 கடைசியில் ‘மேஸ்’ என்ற கும்பல், பூட்டுவதற்கு முன்பே ஒரு நகலை எடுத்துக்கொண்டது. பணம் தராவிட்டால் இன்டர்நெட்டில் போட்டுவிடுவோம் என்று மிரட்டியது, போட்டும் காட்டியது. மற்ற கும்பல்களும் இதையே பிடித்துக்கொண்டன. பேக்கப் பூட்டைத்தான் திறக்கும். வெளியே போன விவரத்தைத் திருப்பிக் கொண்டுவராது.

சின்னக் கடையை யார் பார்ப்பார்கள்?

2021 ஜூலையில் ‘ரெவில்’ கும்பல் அமெரிக்காவின் கசேயா கம்பெனி மென்பொருள் வழியாகத் தாக்கியது. பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்தே பராமரிக்க உதவும் மென்பொருள் அது. 800 முதல் 1,500 நிறுவனங்கள் மாட்டியிருக்கலாம் என்று கசேயாவே கணித்தது. அவற்றில் பல சிறியவை. ஸ்வீடனில் பில் போடும் மிஷின் ஓடாததால் ‘கூப்’ மளிகைக் கடைகள் சுமார் 800 மூடப்பட்டன. கூப் கசேயாவின் நேரடி வாடிக்கையாளர்கூட இல்லை! மிஷினைப் பராமரித்தவர்கள் வழியாக வந்த வினை அது.

நஷ்டம் யாருக்கு?

கடைக்காரருக்கு மட்டுமா? எங்க அம்மா மாதிரி பாக்கி சொல்லி அரிசி வாங்குகிறவர்களின் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை எல்லாம் அந்தக் கணக்கில்தானே இருக்கிறது? பணம் கொடுத்தாலும் நகலை அழித்துவிட்டான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

நாம் செய்ய வேண்டியவை:

1. தேவையில்லாத விவரத்தை வாங்கவே கூடாது. பழையதை அழிக்க வேண்டும். இல்லாததை எவனும் திருட முடியாது.

2. பில் போடும் கம்ப்யூட்டரில் இ-மெயில், சினிமா வேண்டாம்.

3. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைக்க வேண்டும். மாட்டியே இருந்தால் அதையும் பூட்டிவிடுவான்.

4. மிஷின் போட்டவர் வைத்த பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

டிப்ளமோ முடித்து நாளைக்குக் கடைகளில் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கப் போவது நம்மில் பலர். மிஷின் ஓடுதான்னு மட்டும் பார்த்துட்டு வராம, கதவு சாத்தியிருக்கான்னும் பார்த்துட்டு வருவோம்!