ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

புதுச்சேரி நகரத்தின் வடபுறத்தில், குருசுக்குப்பத்தை அடுத்து இருப்பது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலான பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கடற்கரை என்று சொன்னால் நேயர்களுக்கு உடனே விளங்கிவிடும். மற்ற நாட்களில் அது சாதாரண மீனவர் குப்பம். நாம் இங்கே குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மணற்பரப்பாக இருந்த கரையில் இப்பொழுது கருங்கற்கள் கிடக்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத் தடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டது; கடல் கரையைத் தின்னத் தொடங்கியது; அதைத் தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். கல் ஊரைக் காக்கிறது, வாஸ்தவம். ஆனால் கருவாடு உலர்த்தக் கல்லில் இடமில்லை.

நம் வீட்டு வாசலுக்குக் கூடை கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. வஞ்சிரம் அவர் கூடையில் வந்தால் நேராகக் கூபேர் அங்காடிக்குப் போய்விடும். "விக்கிறதுக்கு வஞ்சிரம், திங்கிறதுக்குக் கவலை, வாத்தியாரே" என்பார். கவலை என்பது மத்தி இனத்துச் சிறு மீன். மலிவானது, முள் மிகுந்தது, சத்தில் வஞ்சிரத்துக்குச் சளைத்ததன்று. குழம்பில் வெந்து மெத்தென்றான சிறு முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. ஆகவே இந்தக் குப்பத்தில் நாங்கள் எல்லோரும் கவலையைத் தின்றே கவலையைப் போக்கிக்கொள்கிறோம்.

நாம் கணக்கு உபாத்தியாயர். 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, நாம் வேலை பார்த்த தனியார் பள்ளியில் சம்பளம் பாதியாயிற்று. வீட்டில் நாம், இல்லாள், தாயார், இரண்டு குழந்தைகள் என்று ஐந்து பேர். அப்பொழுது ஆரம்பித்ததுதான் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. அரிசியும் சமையல் எரிவாயுவும் மாதச் செலவு. மற்றவை அனைத்தும் வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதற்குள் முடிப்பது என்று தீர்மானித்தோம். ஆரம்பத்தில் ஆயிரம் ரூபாய். விலைவாசி ஏறியபின் 1,200. பயறு பருப்புக்கு 210, பாலுக்கு 170, மீனுக்கும் கருவாட்டுக்கும் 220, கீரை காய்கறிக்கு 200, வெங்காயம், தக்காளி, புளி, தேங்காய், மிளகாய்க்கு 190, எண்ணெய்க்கு 100, பத்து முட்டைக்கு 65, கேழ்வரகுக்கு 45. நேயர்கள் கூட்டிப் பார்க்கலாம்.

இத்தனை பணத்தில் குடும்பம் நடத்துவது சமையல் சாமர்த்தியத்தால் அல்ல என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. அடுப்பில் மிச்சப்படுத்தக் கூடியது கொஞ்சம். கடையில் மிச்சப்படுத்தக் கூடியதே அதிகம். அரைக் கிலோ துவரம்பருப்பை ஒரேயடியாக வாங்குகிறவனைவிட, நாள்தோறும் ஐம்பது கிராம் பொட்டலம் வாங்குகிறவன் அதே பருப்புக்கு அதிக விலை கொடுக்கிறான். எண்ணெயும் மிளகாய்த்தூளும் அப்படித்தான். ஏழைக்கு எதுவும் மலிவாகக் கிடைப்பதில்லை. நமக்கு மாதச் சம்பளம், பாதியானாலும் ஒரு தேதியில் வந்தது. படகில் போகிறவருக்கு அன்றன்றைய பங்கு. அதுவும் கடல் கொடுத்தால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அந்நாட்களில் மளிகைக் கடைக் கணக்கில் ஏறும் கடனுக்கு, கடைக்காரர் சொன்னதே விலை. நமது சிக்கனப் பிரசங்கத்தை அவர்களிடம் செய்வது நியாயமாகாது.

அரிசி விஷயத்திலும் இந்த ஊருக்கு ஒரு தனிச் சரித்திரம் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரவேண்டிய தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் ரொக்கம் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் புதுச்சேரிக்கு வந்தது. பின்னர் புதுச்சேரி அரசு கொடுத்துவந்த இலவச அரிசியும் பணமாக மாறிற்று. நியாய விலைக் கடைகள் வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024-ல் தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறந்தார்கள். பணமாகக் கொடுத்தால் இஷ்டப்பட்டதை வாங்கிக்கொள்ளலாமே என்று படித்தவர்கள் வாதிக்கிறார்கள். வாதத்தில் பிழையில்லை. நம் மீன்கார அக்காவோ, "அரிசி வந்தா பானைக்குப் போகும், பணம் வந்தா யார் கைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். இரண்டு கட்சியையும் கேட்டபின் நாம் அக்காவின் கட்சியில் சேர்ந்துவிட்டோம்.

இனி நம் வீட்டுச் சமையலுக்கு வருவோம். காய்கறி வாங்க முத்தியால்பேட்டை மணிக்கூண்டு மார்க்கெட்டுக்கு இரவு கடை எடுக்கும் நேரத்தில் போவோம். மிஞ்சியவற்றைக் கூறு கட்டி விற்பார்கள். வாடிய கத்தரிக்காய்க்கு மானம் போகிறதென்றால், அது குழம்பில் வெந்தபின் யாருக்கும் தெரியப் போவதில்லை. முருங்கைக்கீரை பெரும்பாலும் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து இலவசம். காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது முந்தின நாளின் மீன் குழம்போடு பழைய சோறு. மீன் குழம்பு மறுநாள்தான் ருசிக்கும் என்பது இந்தக் கரையில் சிக்கனம் அன்று, ரசனை. ஒரு நாள் கொள்ளு வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ரசமும் கொள்ளில் சுண்டலும் செய்தால் ஒரு பண்டத்துக்கு இரண்டு வேலை.

எல்லாவற்றிலும் நமக்கு மிகவும் உதவியது நெத்திலிக் கருவாடு, மொச்சை, கத்தரிக்காய் சேர்ந்த குழம்பு. காய்ந்த மொச்சை இருநூறு கிராமை முந்தின இரவே ஊறவைத்துவிட வேண்டும். நூறு கிராம் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் இரண்டு முறை அலசி மணலைப் போக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதங்கியபின் மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளிக்கரைசல். அது கொதித்ததும் வேகவைத்த மொச்சையும் கத்தரிக்காயும். கருவாடு கடைசியில், இறக்குவதற்குப் பத்து நிமிஷம் முன்பு. கருவாட்டிலேயே உப்பு உண்டு. ஆகையால் அது வெந்தபின் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும். இதை மறந்து நாம் ஒருமுறை ஒரு சட்டிக் குழம்பையே கெடுத்திருக்கிறோம். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து நகரம் வெள்ளக்காடானபோது, டப்பாவிலிருந்த கருவாடும் மொச்சையும் கேழ்வரகு மாவுமே எங்களுக்கு மூன்று நாள் ஆகாரம்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. மக்காரிஸன் என்னும் வைத்திய நிபுணர் நீலகிரிக் குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாபியரின் கோதுமை ரொட்டியும் பாலும் பயறும் தின்ற எலிகள் செழித்தன. நம் சென்னை மாகாணத்து ஏழையின் அரிசிச் சோறு தின்றவை நலிந்தன. அதே குன்னூர் ஆராய்ச்சிசாலையிலிருந்து, இந்திய உணவுப் பண்டங்களின் சத்து அட்டவணையை ஐக்ராய்டு 1937-ல் வெளியிட்டார். புழுங்கல் அரிசியில் மட்டும் ஒரு விசேஷம் உண்டு: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 ஜீவசத்து உள்ளே இறங்கிவிடுகிறது. மகாத்மாவும் குமரப்பாவும் 1934-ல் ஆரம்பமான கிராமக் கைத்தொழில் சங்கத்தின் மூலம் கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார்கள். அன்று அது ஏழையின் அரிசி. இன்று அதைக் கண்ணாடிக் கடையில் சீமான்கள் வாங்குகிறார்கள். நம் வாரக் கணக்குக்கு எட்டாது. ஆகவே புழுங்கல் அரிசியும், வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிப்பதும் நமக்குப் போதும்.

இவற்றையெல்லாம் ஆசிரியர்கள் அறையில் நாம் பெருமையாக எடுத்துரைத்ததுண்டு. 1,200 ரூபாய்க்கு மேல் ஒரு காசு போகாத நோட்டுப் புத்தகத்தை இரண்டொரு நண்பர்களுக்குக் காட்டியும் இருக்கிறோம்.

இப்படியிருக்கையில், ஒரு நாள் நம் இல்லாள் மாடிப்படி ஏறும்போது மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. டாக்டர் அம்மாள், "தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். நாம் முந்திக்கொண்டு கீரை, பயறு, முட்டை, மீன் என்று நோட்டுப் புத்தகத்தை ஒப்பித்தோம். "உங்களைக் கேட்கவில்லை" என்றார். இல்லாள் சற்று நேரம் பேசாமலிருந்து, "பெரும்பாலும் ரசமும் சோறும்தான், அம்மா" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நாம் கேட்டோம்: "கணக்கில் எல்லாம் இருந்ததே, ஏன் சொல்லவில்லை?"

"நீங்கள் கணக்கில் ஐந்து பேர் என்று எழுதினீர்கள். சட்டியில் நாலு பேருக்குத்தானே இருந்தது?"

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. பத்து முட்டை என்று எழுதினோம். குழந்தைகளுக்கு நான்கு நான்காக எட்டு, தாயாருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. வகுத்தல் மீதியின்றி முடிந்துவிட்டது. மீனில் நடுத்துண்டு யாருக்கு, கடைசிக் கரண்டிக் குழம்பு யாருக்கு என்பதை நோட்டுப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் கேட்கவில்லை. நாம் மிச்சப்படுத்தியதாக எண்ணியிருந்த பணத்தில் ஒரு பங்கு, ஒருத்தியின் தட்டிலிருந்து எடுத்தது. நம் வீடு மட்டும் என்று சொல்லிச் சமாதானம் அடையவும் வழியில்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உள்ளவர்கள்.

ஆஸ்பத்திரியில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இந்த அளவு சோகையை ஆகாரத்தால் மட்டும் தீர்க்க முடியாது என்றார் டாக்டர் அம்மாள். கீரையோடும் பயற்றோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் அவற்றின் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் தேநீரோ காபியோ குடித்தால் அது தடைப்படும். இல்லாளோ, பசியை அடக்க மத்தியானம் சோற்றுக்குப் பின் ஒரு குவளைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாளாம். அதுவும் நமக்குத் தெரியாது.

1,200 ரூபாயை ஏற்ற வழியில்லை. நம் இரண்டாவது காபியை நிறுத்தினோம். நாளொன்றுக்கு நூறு மில்லி பால் குறைந்து, வாரத்துக்கு 35 ரூபாய் மிஞ்சியது. அதில் ஐந்து முட்டை வந்தது. காபியை விட்ட முதல் பத்து நாள் தலைவலியைப் பற்றி எழுதினால் நேயர்கள் சிரிப்பார்கள், விட்டுவிடுவோம். ரூபாயைவிடக் கடினமாக இருந்தது பரிமாறும் முறையை மாற்றியதுதான். இப்பொழுது யாரும் உட்காருவதற்கு முன்பே ஐந்து தட்டையும் வைத்து, முட்டையையும் மீனையும் பயற்றையும் பங்கிட்டுவிடுகிறோம். அதன் பிறகு மிஞ்சினால்தான் இரண்டாம் தடவை. "பரிமாறுகிறவள் எப்படியடா சேர்ந்து உட்காருவாள்?" என்று தாயார் ஆட்சேபித்தாள். குழந்தைகள் பரிமாறக் கற்றுக்கொண்டார்கள். சில நாள் சிந்தியது. ஒரு வாரம் தாயார் தம் மீனை எடுத்துப் பேரன் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஐம்பது வருஷப் பழக்கம். ஆறு மாதத்துக்குப் பின் இல்லாளின் ஹீமோகுளோபின் 11.4. இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை.

தடைக்காலம் முடிந்த வாரத்தில் மீன்கார அக்கா கூடையை இறக்கியபோது, நாம் இந்தக் கதையைச் சொல்லி, "நீங்கள் வீட்டில் எப்பொழுது சாப்பிடுவீர்கள், அக்கா?" என்று கேட்டோம்.

"வித்துட்டு, கூடையைக் கழுவிட்டு, நான் போய் உக்கார மூணு மணி ஆவும். கொழம்பு இருக்கும். மீன் இருக்காது" என்று சிரித்தார். பிறகு, "அது கிடக்கட்டும் வாத்தியாரே, கவலை இன்னைக்கு நல்லா இருக்கு. ஒரு கிலோ போடட்டுமா?" என்று தராசை எடுத்தார்.