கரியடுப்பு மூட்ட மண்ணெண்ணெய் எதற்கு?



2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2024 நவம்பர் 30-இல் பெஞ்சல் புயல். இரண்டும் நம் புதுச்சேரியைப் பட்ட பாடு படுத்தியதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி நாளில்தான் பரணில் கிடக்கும் குமுட்டி அடுப்பு கீழே இறங்கும். கரியோ நமுத்திருக்கும். உடனே கை மண்ணெண்ணெய்ப் புட்டியைத் தேடும். வினை அங்கேதான்.

பற்றவில்லை என்று இரண்டாம் தடவை ஊற்றும்போது, உள்ளே கனிந்திருக்கும் கங்கில் எண்ணெய் ஆவியாகிக் குப்பென்று பிடித்துக்கொள்ளும். கையும் சேலையும் தப்பாது. பெட்ரோல் என்றால் கேட்கவே வேண்டாம்.

"அப்போ எண்ணெய் ஊத்தாம கரி எப்படிங்க பத்தும்?" என்பீர்கள். வழி சுலபம்.

அடுப்புக்குள் நிற்கிற மாதிரி ஒரு பழைய தகர டப்பாவை எடுத்து, மேல்மூடி, அடி இரண்டையும் வெட்டிவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகடு வேண்டாம். சூட்டில் நச்சுப் புகை வரும். அடுப்பை வாசலில், கூரைக்கும் வைக்கோல் போருக்கும் எட்ட வையுங்கள். டப்பாவை அடுப்புக் கம்பிமேல் நிறுத்தி, அடியில் காய்ந்த பனையோலை, தேங்காய் நார், உடைத்த கொட்டாங்கச்சி, அதன்மேல் கரி என்று போடுங்கள். அடுப்பின் அடிவாய் வழியே ஓலையைக் கொளுத்திக் காட்டுங்கள். சூடான காற்று மேலே போகப் போக, கீழிருந்து புதுக் காற்று தானாக ஏறும். விசிறவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். கால் மணி, இருபது நிமிடத்தில் மேல்கரி சாம்பல் பூத்துவிடும். இடுக்கியால் டப்பாவைத் தூக்கிவிட்டு உலை வையுங்கள். புகையும் குறைவு, எண்ணெய் வாடையும் இல்லை.

இன்னொன்று முக்கியம். புகை நின்றுவிட்டதே என்று கங்கை அடைத்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். கனன்ற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி; தூக்கத்தில் இருந்தால் உயிரே போய்விடும். குளிருக்கென்று அறையில் கங்கு வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கவே கூடாது. யாருக்காவது மயக்கம் வந்தால், முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், பிறகு ஆஸ்பத்திரி.

ஐப்பசி மழைக்கு முன்னே கரியை வெயிலில் காயவைத்து மூடி வையுங்கள். சமையல் முடிந்ததும் கங்கில் தண்ணீர் தெளித்து அணையுங்கள்.