முந்தின இரவு அழித்தால் அழியாது

காரைக்குடியில் இன்றைக்கு 24, 25 வயதில் வேலை தேடும் பிள்ளைகள் பலருக்கு முகநூலில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று சொந்தப் பெயரில், பட்டமளிப்பு அங்கி போட்ட படத்தோடு இருப்பது. மற்றது பள்ளி நாட்களில் அண்ணனுடைய செல்போனில் திறந்தது. அபிமான நடிகரின் பெயரும் அதன் வாலில் ‘வெறியன்’ என்ற சொல்லும்தான் அதில் பெயர். கடவுச்சொல் மறந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஆனால் எதிர் நடிகரின் ரசிகனைத் திட்டிய கெட்ட வார்த்தையும், டீச்சரைக் கேலி செய்த வரியும், மஞ்சுவிரட்டுத் திடலில் நண்பன் எடுத்துக் கோத்துவிட்ட படமும் அதில் அப்படியே கிடக்கின்றன.

வேலைக்கு விண்ணப்பம் போட்டு, தேர்வெழுதி, நேர்காணல் அழைப்பு வரும் வரை இதைப் பற்றி யாருக்கும் நினைப்பு வருவதில்லை. அழைப்பு வந்ததும் பதற்றம் பிடித்துக்கொள்கிறது. முந்தின இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து கணக்கையே மொத்தமாக அழிக்கிறார்கள். நண்பன் தன் பக்கத்தில் போட்ட படமும், எவரோ எடுத்து வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டும் அதனால் அழிவதில்லை.

ஒல்லி ராபின்சன் என்ற ஆங்கிலேயக் கிரிக்கெட் வீரர் 2021 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் முதல் டெஸ்ட் ஆடினார். அந்த ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்தார். ஆனால் ஆட்டம் தொடங்கிய நாளிலேயே, பதின்ம வயதில் 2012, 2013-ல் அவர் எழுதிய இனவெறி ட்வீட்டுகள் வெளியே வந்துவிட்டன. மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. ஆட்டம் முடிந்த கையோடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். பத்து வருஷத்துக்குள் உலகம் மறந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன், உடனே எடுத்தும்விட்டேன்’ என்ற சமாதானமும் செல்லாது. நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றிய ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் மறுத்தது, அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும் வழக்கு இது.

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்புகிறவர்கள் இன்னும் ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர் மக்களைப் பழித்து முகநூலில் எழுதிய பிலிப்பைன்ஸ் நாட்டுச் செவிலியர் ஒருவர் 2015-ல் வேலையும் இழந்தார், நான்கு மாதம் சிறையும் போனார். கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று போலீஸிடம் பொய் சொன்னது தனிக் குற்றமாகச் சேர்ந்தது. 2020-ல் மத வெறுப்புப் பதிவுகளுக்காக ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்தியர்கள் பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி? விண்ணப்பம் போடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். சொந்தப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல் முன்னால் பின்னால் மாற்றியும், ஊர்ப் பெயரும் பள்ளிப் பெயரும் சேர்த்தும் தேட வேண்டும். கணக்குக்குள் நுழைந்தபடி தேடினால் உண்மை தெரியாது. நண்பரின் செல்போனிலோ பிரவுசரின் இன்காக்னிட்டோவிலோ தேட வேண்டும். கிடைப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தத் தளம், எந்தக் கணக்கு, எந்த மின்னஞ்சல், எந்த செல்போன் எண். பழைய சிம்மை விட்டுவிட்டவர்கள் அந்த எண்ணை எல்லாக் கணக்குகளிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அதே எண் நாளை வேறொருவருக்குப் போனால், ஓடிபியும் அவருக்குத்தான் போகும்.

அடுத்தது சேமிப்பு. முதலில் சேமித்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நம் தகவல் முழுவதையும் பதிவிறக்கம் செய்ய வழி உண்டு. முகநூலின் ‘லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்’ என்ற அமைப்பு, பொதுவில் கிடக்கும் பழைய பதிவுகளை ஒரே தட்டில் நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடும். பிறகு ‘ஆக்டிவிட்டி லாக்’ போய் வருஷவாரியாகப் பார்த்து, வேண்டாததைக் குப்பைக்கு அனுப்பலாம். 30 நாளில் அது தானே அழியும். நீக்கிய பிறகும் கூகுள் தேடலில் பழைய வரி தெரிந்தால், காலாவதியான தகவலைப் புதுப்பிக்கக் கூகுளே ஒரு படிவம் வைத்திருக்கிறது, அதில் இணைப்பைக் கொடுத்தால் போதும். யூடியூபில் போட்ட கமெண்டுகளைப் பெரும்பாலோர் மறந்தே விடுகிறார்கள். கூகுள் கணக்கின் ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்தில் அவற்றைத் தேடிப் பார்த்து நீக்கலாம்.

இதையெல்லாம் ‘செய்து தருகிறோம்’ என்று காசு கேட்பவரிடம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுக்கவே கூடாது. மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது: ஓடிபியைக் கொடுக்கவே கூடாது.

அமெரிக்க விசா மட்டும் வேறு கணக்கு. அங்கே 2019 முதல் விண்ணப்பத்தில் கடந்த ஐந்து வருஷம் பயன்படுத்திய சமூக ஊடகப் பெயர்களை எழுத வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர்களும், டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களும் கணக்கைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டுப் போட்டால் சந்தேகம் வரும், மறைத்தால் விசாவே போகலாம்.

தான் போட்டதைத் தானே எடுக்கலாம். அடுத்தவர் போட்டதை என்ன செய்வது? பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு, மார்ஃபிங் செய்த படம் என்று பெண் பிள்ளைகள்தான் இதில் அதிகம் அவதிப்படுகிறார்கள். வீட்டில் சொல்லப் பயந்து வேலைக்குப் போகும் எண்ணத்தையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. செய்ய வேண்டியது இதுதான். முதலில் ஆதாரம். வெறும் படத்தைப் பிடித்துக் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் போனால், அடுத்த நாளே பெயர் மாறிய கணக்கைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பக்கத்தின் முழு இணைப்பு, பார்த்த தேதி, நேரம் மூன்றும் வேண்டும். எடுத்த செல்போனையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள்.

அடுத்து அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார். ஆள்மாறாட்டம், மார்ஃபிங், ஆபாசப் படம் ஆகியவற்றை நீக்க 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே 24 மணி நேரக் கெடு வைத்துவிட்டன. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தட்டிக்கழித்தால், பதில் கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே மேல்முறையீடு செய்யலாம். 2023 முதல் இருக்கும் இந்தக் குழுவைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்ல அதிகாரிகளும் மெனக்கெடுவதில்லை.

கூடவே தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ, சிவகங்கை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்க வேண்டும். ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. இந்தச் சட்ட வழக்குகளை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. அதைக் காரணம் காட்டி ‘இங்கே வராதே, அங்கே போ’ என்று அலைக்கழிக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. புகாரை வாங்க மறுக்க அது காரணமே ஆகாது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு நகரக் கூடாது. மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் வைக்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

இனி, எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம். செப்டம்பரில் பரமக்குடி, அக்டோபர் கடைசியில் காளையார்கோவில், பசும்பொன் என்று இந்தப் பக்கத்தில் நினைவு நாட்கள் வரிசையாக வரும். அந்த வாரங்களில் சாதிப் பெருமை ஸ்டேட்டஸ், அரிவாளோடு ரீல்ஸ். பகையைத் தூண்டியதாக பிஎன்எஸ் என்ற தண்டனைச் சட்டத்தின் 196-ஆம் பிரிவில் வழக்குப் பதிவானால், பதிவை அழிப்பது தீர்வாகாது. ஆதாரமாகிவிடக் கூடாது என்றே மின்னணுப் பதிவை அழிப்பது அதே சட்டத்தின் 241-ஆம் பிரிவில் தனிக் குற்றம். வழக்கு வந்த பிறகு வக்கீலைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது.

தன் பேரில் வழக்கு இருப்பதே தெரியாமல் விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று எழுதி மாட்டுகிறவர்களும் உண்டு. இகோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டே தேடலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலும் பார்க்கலாம். இருந்தால் உள்ளபடி எழுத வேண்டும். சின்ன வழக்கை ஒளிவில்லாமல் சொன்னவரின் விஷயத்தை வேலை தருபவர் பரிசீலிக்க இடமுண்டு, மறைத்தது தெரிந்தால் அதுவே வேலை நீக்கத்துக்குக் காரணமாகலாம் என்பதுதான் 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி.

விடுதலையானவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2014-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்த ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மறக்கப்படும் உரிமை இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறது.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். சிவகங்கையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் வருஷச் சட்டம். சட்ட உதவி விண்ணப்பத்தோடு அடையாள அட்டை நகல், சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். நகல், இணைப்புகள் எழுதிய அந்த நோட்டு மூன்றையும் கொண்டுபோக வேண்டும்.