சாக்கடைக் கசடில் ஓடும் எஞ்சின்

குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது? வட சென்னையில் அதில் பெரும்பகுதி கொடுங்கையூருக்குப் போகிறது. சென்னைக் குடிநீர் வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையம் அங்கே இருக்கிறது. அங்குள்ள ஆலைகளில் ஒன்று மட்டுமே நாளொன்றுக்கு 11 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் திறன் கொண்டது.

முதலில் தண்ணீரைப் பெரிய தொட்டிகளில் அசையாமல் நிற்க விடுவார்கள். கனமானவை அடியில் படியும். மேலே நிற்கும் நீரில் கரைந்துள்ள அழுக்கைத் தின்னப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை மூச்சுவிட இரவும் பகலும் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிலையத்துக்கு ஆகும் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தக் காற்றுக்கே போய்விடும். தின்று பெருகிய பாக்டீரியாக்களும் கடைசியில் கீழே படிகின்றன. இப்படிப் படிந்ததெல்லாம் சேர்ந்ததுதான் கசடு.

நாற்றமடிக்கும் அந்தக் கசடில் ஆற்றல் இருக்கிறது! நாம் சாப்பிடும் சோற்றில் உள்ள ஆற்றல் முழுவதையும் நம் உடல் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் வெளியே போகிறது. நெற்பயிர் வெயிலிலிருந்து பிடித்துவைத்த ஆற்றல் அது.

அதை மீட்க, கசடைக் காற்றுப் புகாத பெரிய கலனுக்குள் அனுப்புகிறார்கள். அதன் பெயர் செரிப்பான். உள்ளே சுமார் 35 டிகிரி சூடு. கசடு ஏறத்தாழ மூன்று வாரம் அங்கேயே கிடக்கும். ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் மாவுச்சத்தையும் கொழுப்பையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக உடைக்கும். அடுத்த கூட்டம் அவற்றை அமிலமாக்கும். கடைசியாக வருபவை ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகள். எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் நிறைவதற்கு முன்பே தோன்றிய பழம்பெரும் குலம். இந்த வகைக்கு ஆக்ஸிஜன் இன்றும் நஞ்சு. இவைதான் மீத்தேன் என்னும் எரிவாயுவை உண்டாக்குகின்றன. அமிலம் அளவுக்கு மீறிப் பெருகினால் இவை வேலையை நிறுத்திவிடும். அதனால் கலனின் அமிலத்தன்மையைப் பணியாளர்கள் அடிக்கடி சோதித்துப் பார்ப்பார்கள்.

இத்தாலி அறிஞர் வோல்டா 1776இல் மஜ்ஜோரே ஏரியின் சேற்றைக் கிளறி, குமிழிட்டு வந்த வாயுவைப் பிடித்து எரித்துக் காட்டினாரே, அதே மீத்தேன்தான். கிராமத்துச் சாண எரிவாயுவிலும் அதுதான் எரிகிறது.

செரிப்பானிலிருந்து வரும் வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடும் கொஞ்சம் வரும். அது எஞ்சினை அரித்துவிடும் என்பதால் முதலில் அதை நீக்கிவிடுவார்கள். பாதாளச் சாக்கடையில் இறங்கிய எத்தனையோ தொழிலாளர்களின் உயிரைப் பறித்ததும் இந்த வாயுதான். மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

சுத்தமான வாயு எஞ்சினில் எரிகிறது, ஜெனரேட்டர் சுழல்கிறது, பிறக்கும் மின்சாரம் நிலையத்தின் காற்றூதிகளுக்கே திரும்பிப் போகிறது. வெளியே வாங்கும் மின்சாரம் குறைகிறது. மீத்தேனை அப்படியே காற்றில் விட்டால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். அதனால் எரித்துவிடுவதே நல்லது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் உள்ள மார்செலிஸ்போர்க் நிலையம் தன் தேவைக்கும் அதிகமாகவே மின்சாரம் தயாரித்து, மிஞ்சியதை ஊருக்குக் கொடுக்கிறது.

செரித்து முடிந்த கசடில் நாற்றம் வெகுவாகக் குறைந்திருக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் மிஞ்சியிருக்கும். அதைப் பிழிந்து உலர்த்தி, நோய்க்கிருமியோ ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களோ அளவுக்கு மேல் இல்லை என்று சோதித்த பிறகு வயலுக்கு உரமாக்கலாம்.