மாதர் குழுவும் பாங்கியும்

கிராமத்துப் பெண்கள் பதினைந்து இருபது பேர் வாரந்தோறும் கூடி, சிறுதொகை சேமித்து, தம்முள் கடன் வழங்கிக்கொள்ளும் முறை இன்று நாடெங்கும் பரவியுள்ளது. இதன் வரலாற்றில் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா ஸ்தாபனத்தின் அநுபவம் குறிப்பிடத்தக்கது.

திபேத்திய அகதிகளைக் குடியமர்த்த 1968ஆம் ஆண்டில் தோன்றிய இந்த ஸ்தாபனம், பின்னர் கிராமங்களில் பெரிய கூட்டுறவுச் சங்கங்களை ஊக்குவித்தது. 1984-85இல் அவற்றுட் சில பிளவுற்றன. ஆயினும் உறுப்பினர்கள் சிறு குழுக்களாகத் திரண்டுவந்து, வாங்கிய கடனை ஸ்தாபனத்திடம் செலுத்துவோம், சங்கத்திடம் செலுத்தோம் என்றனர். தத்தம் குழுவிலேயே செலுத்துமாறு ஸ்தாபனம் கூறிற்று. யாரும் அமைக்குமுன்பே அவர்களிடையே நிலவிய நம்பிக்கைதான் நிலமும் நகையும் இல்லாதார்க்குப் பிணையாயிற்று. நாளடைவில் இவ்வகைக் குழுக்களில் பெண்களே பெரும்பான்மையினர் ஆயினர்.

1987இல் நபார்டு வங்கி இப்பணிக்கு 10 லட்சம் ரூபாய் அளித்தது; 1992இல் 500 குழுக்களைப் பாங்கிகளுடன் இணைக்கும் பரிசோதனையைத் தொடங்கிற்று.

குழுவினரின் வெளிப்பயணங்களும் இதனையொட்டியவையே. அயலூர்க் குழுக்களின் கூட்டங்களையும் கணக்கேடுகளையும் காணச் செல்வர். ஒரு நாட்கூலியை இழந்து செல்வதாகலின் இதனை உல்லாசப் பயணம் எனல் பொருந்தாது. பாங்கிக்கு முறைவைத்துச் செல்லுதல் அதனினும் முக்கியமானது. எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவரே எப்போதும் சென்றுவரும் குழுவில் ஐயம் எளிதில் புகும். கைநாட்டு இடுபவரும் தம் முறைக்குப் போய், கட்டிய தொகைக்குரிய சீட்டைக் கூட்டத்தில் எல்லார்முன்னும் வைத்தல் வேண்டும்.